சாம்பாரில் எத்தனை கிராம்?

வணக்கம் ஐயா. வயது 52, பரம்பரைச் சைவம். ஜிம்முக்குப் போகும் என் மகன், “முட்டை, கோழி சாப்பிடலைன்னா அறுபது வயசுல உக்காந்தா எந்திரிக்க மாட்டீங்கப்பா” என்கிறான். நான் இரண்டு வேளையும் சாம்பார் ஊற்றிச் சாப்பிடுகிறவன். பருப்பில் இல்லாத புரதமா? யார் சொல்வது சரி?
க., ஈரோடு

அன்புள்ள க.,

சாம்பார் விஷயத்தில் நீங்கள் தோற்றுவிட்டீர்கள். 100 கிராம் துவரம்பருப்பில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருப்பது உண்மைதான். ஆனால் வீட்டுக்கே ஒரு டம்ளர் பருப்பு வேகவைத்து, புளி கரைத்து ஊற்றிப் பெருக்கிய பின் உங்கள் கரண்டிக்கு மூன்று நான்கு கிராம் தேறினால் அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் அளவு, எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். 65 கிலோ ஆளுக்கு 54 கிராம். இதில் அசைவர்கள் சிரிக்க ஒன்றுமில்லை. எங்கள் வீடு அசைவம்தான்; ஞாயிறு குழம்பில் ஆளுக்கு இரண்டு துண்டு, மற்றபடி அதே சோற்று மலை.

மகனிடம் இதைச் சொல்லுங்கள்: 2021இல் வெளிவந்த பிரேசில் ஆய்வு ஒன்றில், பால்கூடத் தொடாத 19 இளைஞர்களும் எல்லாம் சாப்பிடும் 19 பேரும் 12 வாரம் காலுக்கு எடைப்பயிற்சி செய்தார்கள். இரு தரப்புக்கும் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம். தசையும் பலமும் ஒரேபோலக் கூடின. சைவத் தரப்புக்குச் சோயாப் புரதப் பொடி கொடுத்துத்தான் அந்த அளவை எட்டவைத்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நீண்டகாலக் கணக்கு சிக்கலானது. பிரிட்டனில் 1990களில் தொடங்கிய எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில், சைவர்களுக்கு மாரடைப்பு வகை இதயநோய் 22 சதவீதம் குறைவு. பக்கவாதம் 20 சதவீதம் அதிகம். பாலும் தவிர்த்தவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு இரண்டு மடங்குக்கும் மேல். அங்குள்ள சைவர் தட்டு வேறு, நம் தட்டு வேறு என்பதால் இதை அப்படியே நமக்குப் பொருத்த மாட்டேன்.

ஆனால் வைட்டமின் பி12 எந்த ஊரிலும் ஒன்றுதான். செடிகள் அதை உண்டாக்குவதில்லை, நுண்ணுயிர்கள்தான் உண்டாக்கும். நம் சைவத் தட்டில் அது பால், தயிர் வழியாகத்தான் வரும்; அந்தத் தயிரையும் நீர்மோராக்கியே குடிப்பவரானால் முதலில் அதற்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சோற்றைப் பாதியாக்கி, சுண்டலும் கெட்டித் தயிரும் பனீரும் கூட்டுங்கள். நாளையே மகனோடு ஜிம்முக்கும் போங்கள். முட்டைச் சண்டையைப் போகும் வழியில் வைத்துக்கொள்ளலாம்.