மாலையில் மட்டும் குரல் உடைகிறது, ஏன்?

கேள்வி: எங்கள் கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் நடுவே 2 எம்பிபிஎஸ் லைன். ஒரே சமயத்தில் 6 பேர் வரை ஐபி போனில் பேசுவோம். மாலையில் கணக்கு ஃபைல்கள் சர்வருக்கு ஏறும்போது எங்கள் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறதாம். அவர்கள் பேசுவது எங்களுக்குத் தெளிவு. ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை போட்டும் பலனில்லை. லைனைக் கூட்ட வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் குரல் மட்டும் உடைவதால் நெரிசல் கிளையிலிருந்து வெளியே போகும் திசையில். மாலையில் தலைமை அலுவலக ரூட்டருக்கு பிங் (பதில் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் சோதனை) ஓடவிடுங்கள். காலையில் 20 மில்லிசெகண்ட் காட்டியது 250, 300 என்று ஏறினால் பேக்கெட்டுகள் (தரவின் சிறு பொட்டலங்கள்) மோடமில் தேங்குகின்றன. 64 கிலோபைட் தேங்கினாலே 2 எம்பிபிஎஸ்ஸில் வடிய கால் நொடிக்கு மேல் ஆகும். பேச்சு இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது.

ரூட்டருக்கும் மோடமுக்கும் இடையிலான கேபிள் 100 எம்பிபிஎஸ். வந்ததையெல்லாம் ரூட்டர் உடனே தள்ளிவிடுகிறது. அதனிடம் வரிசையே இல்லை. வரிசை இல்லாத இடத்தில் யாரை முன்னால் விடுவது? வரிசை நிற்கும் மோடமுக்கோ குரலும் ஃபைலும் ஒன்றுதான். ஆகவே வெளியே போகும் வேகத்தை ரூட்டரிலேயே லைனைவிடச் சற்றுக் குறைவாக 1.9 எம்பிபிஎஸ்ஸுக்கு ஷேப் செய்து (மட்டுப்படுத்தி), வரிசையை அங்கேயே நிற்கவைத்து, அதற்குள் முன்னுரிமை வரிசையை வையுங்கள். பிங் இன்னும் ஏறினால் 1.8 ஆக்குங்கள்.

ஜி.711 கோடெக்கை (குரலை டிஜிட்டலாக்கும் முறை) 64 கேபிபிஎஸ் என்பார்கள். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பேக்கெட் வீதம் ஹெடர்களையும் (ஒவ்வொரு பேக்கெட்டின் முகவரித் தலைப்பு) சேர்த்தால் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கேபிபிஎஸ்; ஆறுக்கு 523. முன்னுரிமைக்கு 550 ஒதுக்கினால் போதும், லைனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. குரலை அதிகம் சுருக்கும் ஜி.729-க்கு மாறினால் ஓர் அழைப்புக்கு 31-தான். ஆனால் ஃபேக்ஸ் போகாது, ஹோல்டு இசை கரகரக்கும். உங்களுக்கு அது தேவையில்லை. ஐபிசெக் விபிஎன் (மறையாக்கம் செய்த இணைப்பு) வழியாகப் போனால் மட்டும் கணக்கை மறுபடி போடுங்கள். ஜி.729-இன் சிறிய பேக்கெட் அதில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்; ஜி.711 பேக்கெட் அவ்வளவு இல்லாவிட்டாலும் கணிசமாகப் பெருக்கும்.

பலர் விட்டுவிடுவது ஒன்று: ஏழாவது அழைப்பு. ஒதுக்கீடு தாண்டினால் ரூட்டர் ஏழாவதை மட்டும் வெட்டாது, ஏழு பேரின் பேக்கெட்டுகளையும் கலந்து உதிர்க்கும். அதனால் பிபிஎக்ஸிலேயே (அலுவலகத் தொலைபேசி இணைப்பகம்) இந்த லைனுக்கு 6 என்று வரம்பு போட்டுவிடுங்கள்.

‘இது குரல்’ என்று பேக்கெட்டில் போன் போடும் டிஎஸ்சிபி 46 குறி ரூட்டர் வரை பிழைக்கிறதா என்று வயர்ஷார்க்கில் (பேக்கெட்டுகளைப் பார்க்கும் மென்பொருள்) பாருங்கள். சில சுவிட்சுகள் அதைப் பூஜ்யமாக்கிவிடும். அப்புறம் ரூட்டருக்குக் குரல் எதுவென்றே தெரியாது. தலைமை அலுவலக ரூட்டரிலும் இதே ஷேப்பரைப் போடுங்கள். அங்கிருந்து பெரிய ஃபைல் இறங்கும் நாளில் உடைவது அவர்கள் குரல். அதை உங்கள் பக்கமிருந்து சரிசெய்ய முடியாது.