பக்கவழியில் நிற்கும் கார்

கேள்வி: அப்பா இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அவர் விட்டுப்போனது ஒரு 1970 சிட்ரோயன் டிஎஸ். ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஹெட்லைட்டும் கூடவே திரும்புமே, அந்த மாடல். சின்ன வயதில் அதைப் பார்ப்பதற்காகவே ராத்திரியில் வெளியே கூட்டிப்போகச் சொல்லி அடம்பிடிப்பேன். பல வருடம் ஒரு கொட்டகையில் கிடந்ததை ஆறு மாதத்துக்கு முன் கொண்டுவந்து, வீட்டுப் பக்கவழியில் தார்ப்பாய் போட்டு நிறுத்தியிருக்கிறேன். அம்மா வாக்கர் பிடித்து அந்த வழியாகத்தான் வெளியே போவார், முன்வாசலில் படிகள் இருக்கின்றன, அதனால் இப்போதைக்கு உள்ளேயே இருக்கிறார். கதவுக்குக் கீழே தகடு துருப்பிடித்து உதிர்கிறது, டிக்கியில் தண்ணீர் தேங்குகிறது, வண்டி தரையோடு படுத்துவிட்டது. பிரேக் ஆயில் ஊற்றினால் எழுந்துவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். மனைவி விற்கச் சொல்கிறார். அப்பா ஞாபகம், விற்கக்கூடாது என்கிறான் தம்பி. சரிசெய்வதா, விட்டுவிடுவதா?

பதில்: துரு எங்கே, தண்ணீர் எங்கே, எந்த ஆயில் என்று எல்லாவற்றையும் கவனித்து எழுதிவிட்டு, அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதுவும் கார் எங்கே நிற்கிறது என்று சொல்லவந்த இடத்தில். "இப்போதைக்கு உள்ளேயே இருக்கிறார்." இப்போதைக்கு என்றால் எவ்வளவு நாள்? கார் வந்து ஆறு மாதம் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். வாக்கர் பிடித்து நடக்கிற ஒருவர் ஆறு மாதம் வெளியே கால் வைக்கவில்லை, அந்த வயதில் நடை குறைந்தால் காலில் இருக்கிற கொஞ்ச வலுவும் போய்விடும், அதற்கப்புறம் வழியைத் திறந்துவிட்டாலும் அவரால் நடக்க முடியாமல் போகலாம். காரில் துரு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்கிறீர்கள். முதலில் இதைக் கேட்டிருக்க வேண்டாமா?

அப்பாவின் பொருளை என்ன செய்வது என்று எனக்கு வராத கடிதம் இல்லை. தையல் மெஷின், ரேடியோ, ஸ்கூட்டர், ஒருமுறை கிணற்று மோட்டார்கூட. வருத்தம் புரிகிறது என்றெல்லாம் உங்களிடம் சொல்லப்போவதில்லை, அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறார்கள். ஆனால் இந்த மாதிரிக் கடிதங்களில் பெரும்பாலும் ஒரு விஷயம் ஒன்றுபோல இருக்கும். அந்தப் பொருளின் மேல் முதல் உரிமை யாருக்கோ, அவரிடம் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். மனைவி சொன்னதை எழுதினீர்கள், தம்பி சொன்னதை எழுதினீர்கள், பிரேக் ஆயில்காரர் சொன்னதைக்கூட எழுதினீர்கள். அம்மா என்ன சொன்னார்? அந்தக் காரில் உங்களுக்கு முன்னால், உங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனவர் அவர். அது அவருடைய வீட்டுக்காரரின் கார். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம், வேண்டும் என்றால் மேலே பேசலாம்.

தம்பிக்கும் ஒரு வார்த்தை. அப்பா ஞாபகம் என்கிறவர் எத்தனை நாள் வந்து அந்தத் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்? செலவிலும் உழைப்பிலும் பங்கு எடுக்கிறவருக்குத்தான் விற்காதே என்று சொல்ல வாய் உண்டு. விற்கச் சொல்கிற உங்கள் மனைவியோ, உள்ளேயே அடைந்து கிடக்கிற மாமியாரைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறவராக இருக்க வேண்டும். அவர் பேச்சுக்கு வீட்டில் கொஞ்சம் கூடுதல் மதிப்பு கொடுங்கள்.

சரி, காருக்கு வருகிறேன்.

டிஎஸ் 1955-இல் வந்தது, 1975 வரை செய்தார்கள், மொத்தம் 14 லட்சத்துக்கும் மேல். அழகான வண்டி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உலகத்தில் கடைசியாக மிஞ்சியிருப்பது உங்களுடையது இல்லை, அதைக் காப்பாற்றுகிற பாரம் உங்கள் தலையில் மட்டும் விழவில்லை. அதன் கதவு, பானட், மட்கார்டு எல்லாம் மேலே போர்த்திய சட்டை மாதிரிதான், பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கிற எலும்புக்கூடு. அதனால் வெளியே பளபளப்பாக இருந்தாலும் நம்பக்கூடாது, வெளியே உதிர்ந்தாலும் உடனே கைவிடக்கூடாது. பின்சக்கரத்தை மூடியிருக்கிற மட்கார்டை ஒரே ஒரு போல்ட்தான் பிடித்திருக்கிறது. பஞ்சரானால் சக்கரத்தை மாற்ற வேண்டுமே, அதற்காக அப்படிச் செய்தார்கள். அந்த போல்ட்டைக் கழற்றி மட்கார்டை எடுத்துவிட்டு உள்ளே பாருங்கள். பின் சஸ்பென்ஷன் மாட்டியிருக்கிற இடம், டிக்கியின் தரை, கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டி போன்ற பகுதி, இவற்றை ஒரு ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். மேல் துரு மட்டும் என்றால் தட்டும்போது கணீரென்று சத்தம் வரும். பொத்துக்கொண்டு உள்ளே போனால் அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதுவும் வெட்டுவதற்கு முன் உடம்பு தொய்யாதபடி குறுக்கே முட்டுக் கொடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும், இல்லாவிட்டால் அப்புறம் கதவே மூடாது. யாராவது பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள்.

ஓரிரு இடம்தான் போயிருக்கிறது, அம்மாவும் சம்மதிக்கிறார், தம்பியும் பங்கு போடுகிறார் என்றால் செய்யுங்கள், மனதார வாழ்த்துகிறேன். நான்கு பக்கமும் பொத்துப்போயிருந்தால், இதே வண்டியை எங்கோ சரிசெய்துகொண்டிருக்கிற ஒருவருக்கு உதிரி பாகத்துக்காகக் கொடுத்துவிடுங்கள். அந்தத் திரும்புகிற ஹெட்லைட்டில் ஒன்றை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாம் பிறகு. எந்த முடிவு எடுத்தாலும் இந்த வாரத்துக்குள் வண்டி அந்த வழியிலிருந்து போக வேண்டும், மழை படாத வேறு இடம் பாருங்கள், கிடைக்கவில்லை என்றால் மழையில்கூட நிற்கட்டும். பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். 1966-க்குப் பிறகு சிட்ரோயன் இந்த வண்டிக்கு எல்.எச்.எம். என்கிற பச்சை நிறத் தாது எண்ணெய்க்கு மாறிவிட்டது, வண்டியைத் தூக்கி நிறுத்துகிற சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் அந்த ஒரே எண்ணெயின் அழுத்தத்தில்தான் ஓடும். சாதாரண பிரேக் ஆயில் உள்ளே போனால் ரப்பர் சீல் அத்தனையும் கெட்டுவிடும். இஞ்சின் ஓடாமல், எண்ணெயில் அழுத்தம் இல்லாமல் கால் பிரேக்கும் பிடிக்காது, அதனால் கயிறு கட்டி இழுக்காமல் தட்டையான லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். தாங்கு கட்டை கொடுக்காமல் யாரையும் அடியில் போக விடாதீர்கள், அதன் உடம்பு தானாகவே இறங்கும்.

லாரி போனதும் தார்ப்பாயை மடித்துவிட்டு அந்த வழியை நன்றாகப் பாருங்கள். ஆறு மாதத்தில் கண்டிப்பாக எண்ணெய் சொட்டியிருக்கும், அது வழுக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, முதலில் நீங்கள் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, அப்புறம் அம்மாவைக் கூப்பிடுங்கள்.