டிஎக்ஸ் எங்கே, ஆர்எக்ஸ் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஆபீஸிலிருந்து பின்பக்க குடோனுக்கு ஆறு கோர் (இழை) ஃபைபர் இழுத்து, இரண்டு பக்கமும் ஃபைபர் வந்து முடிகிற எல்ஐயு பெட்டியில் இழைகளை ஒட்டி ஸ்பிளைஸ் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிவப்பு லைட் அடித்தால் அந்தப் பக்கம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் எஸ்எஃப்பி (ஃபைபரை ஸ்விட்சில் இணைக்கும் சின்ன மாட்யூல்) போட்டால் இரண்டு ஸ்விட்சிலும் லிங்க் வரவில்லை. கேபிள் போட்டவர் ஸ்விட்சைக் குறை சொல்கிறார், ஸ்விட்ச் கொடுத்தவர் கேபிளைக் குறை சொல்கிறார். யாரை நம்புவது சார்?
– வாசகர், சேதராப்பட்டு

இரண்டு பேரையும் நம்பலாம். கேபிளும் நன்றாக இருக்கிறது, ஸ்விட்சும் நன்றாக இருக்கிறது, நடுவில் ஜோடி, அதாவது அனுப்பும் இழையும் வாங்கும் இழையும், மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு கோர் மட்டும் உடைந்திருந்தால் ஒரு பக்கம் வெளிச்சம் வந்து சேரும், மறுபக்கம் வராது. ஜோடி மாறினால் இரண்டு பக்கத்துக்குமே ஒன்றும் வராது.

எஸ்எஃப்பியில் இரண்டு துளை. ஒன்று வெளிச்சத்தை அனுப்பும் டிஎக்ஸ், இன்னொன்று வாங்கிக்கொள்ளும் ஆர்எக்ஸ். எது எது என்று எஸ்எஃப்பியின் மேலேயே சின்னதாக அம்புக்குறியோ முக்கோணமோ போட்டிருக்கும், வெளியே பார்த்தால் டிஎக்ஸ், உள்ளே பார்த்தால் ஆர்எக்ஸ். இந்தப் பக்கத்து டிஎக்ஸ் அந்தப் பக்கத்து ஆர்எக்ஸில் போய்ச் சேர வேண்டும். அதற்கு வழியில் எங்காவது குறுக்கே மாற வேண்டும் இல்லையா, அந்த மாற்றத்தை ஒவ்வொரு பேட்ச் கார்டும் (ஸ்விட்சில் செருகும் குட்டி ஃபைபர் வயர்) தானே செய்துவிடுகிறது. கடையில் வாங்குகிற சாதாரண டூப்ளெக்ஸ் (இரண்டு இழை) எல்சி (சின்ன பிளக்) கார்டு ஏ–பி வகை, அதாவது ஒரு முனையில் ஏ பக்கம் இருக்கும் இழை மறுமுனையில் பி பக்கம் வரும். ஸ்விட்சையும் ஸ்விட்சையும் ஒரே ஒரு கார்டால் நேராக இணைத்தால் ஒரு தடவை மாறும், லிங்க் வந்துவிடும்.

உங்கள் இடத்தில் நடந்தது வேறு. ஸ்பிளைஸ் பண்ணியவர் ஒழுங்கான ஆள், கலர் வரிசை தப்பவில்லை. நீலம் ஒன்றாம் போர்ட், ஆரஞ்சு இரண்டாம் போர்ட், பச்சை மூன்று, பிரவுன் நான்கு என்று இரண்டு எல்ஐயுவிலும் ஒரே மாதிரி போட்டிருப்பார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இப்போது எண்ணிப் பாருங்கள்: ஆபீஸ் பக்கத்து கார்டில் ஒரு மாற்றம், கேபிளில் மாற்றமே இல்லை, குடோன் பக்கத்து கார்டில் இன்னொரு மாற்றம். மொத்தம் இரண்டு. சட்டையை இரண்டு தடவை புரட்டினால் பழையபடிதானே இருக்கும், அதே கதைதான். ஆபீஸ் டிஎக்ஸில் கிளம்பிய வெளிச்சம் நீலக் கோரில் ஒழுங்காகப் போய் குடோன் டிஎக்ஸ் துளையிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. இதனால் எஸ்எஃப்பி கெட்டுப்போகாது, பயப்பட வேண்டாம்.

சிவப்பு லைட் ஏன் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை என்றால், நீங்கள் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தீர்கள், எந்தத் துளையில் வருகிறது என்று பார்க்கவில்லை. ஸ்விட்சிலிருந்து இரண்டு கார்டையும் கழற்றி, ஆபீஸ் பக்கம் டிஎக்ஸில் செருகியிருந்த முனையில் லைட்டை அடியுங்கள். குடோன் பக்கம் ஆர்எக்ஸுக்குப் போகிற முனை சிவக்க வேண்டும். டிஎக்ஸுக்குப் போகிற முனை சிவந்தால் விஷயம் தெரிந்துவிட்டது.

சரிசெய்ய இரண்டு வழி. உடனே லிங்க் வேண்டுமென்றால், ஒரு பக்கத்து பேட்ச் கார்டின் பிளாஸ்டிக் கிளிப்பைக் கழற்றி இரண்டு எல்சி முனையையும் இடம் மாற்றி மாட்டுங்கள், ஒரு நிமிட வேலை. இது ஓடும். ஆனால் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் நாளைக்கு அந்தக் கார்டை எலி கடித்து ராத்திரி ஷிஃப்டில் யாராவது புதுக் கார்டு போடுவார், அது சாதாரண ஏ–பி கார்டாக இருக்கும், லிங்க் போகும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பீர்கள். சரியான வழி எல்ஐயுவுக்குள்ளேதான். ஒரு பக்கம் மட்டும், கார்டு செருகுகிற கப்ளருக்குப் பின்னால், கேபிள் இழையோடு ஸ்பிளைஸ் பண்ணிய குட்டி இழைகளான பிக்டெயில்களை ஜோடி ஜோடியாக மாற்றிச் செருகச் சொல்லுங்கள்: ஆபீஸ் பக்கம் 1, 2, 3, 4, 5, 6 என்று இருந்தால் குடோன் பக்கம் 2, 1, 4, 3, 6, 5. கேபிள் போடும் முறைக்கான டிஐஏ 568 ஸ்டாண்டர்டும் இந்த ஏற்பாட்டைத்தான் சொல்கிறது. மறுபடி ஸ்பிளைஸ் பண்ணத் தேவையே இல்லை. இப்போது கார்டு, கேபிள், கார்டு என்று மூன்று மாற்றம். எத்தனை துண்டு இருந்தாலும் மொத்தம் ஒற்றைப்படையில் வந்தால் சரி.

'ஒரு பக்கம் மட்டும்' என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆபீஸில் ஒருவர், குடோனில் ஒருவர் நின்றுகொண்டு, "அண்ணே, மாத்திட்டேன்" என்று இவர் சொல்வதற்குள் அவரும் மாற்றியிருப்பார். இரண்டு பேரும் மாற்றினால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும், அப்புறம் எஸ்எஃப்பிதான் போச்சு என்று புதிதாக வாங்கக் கிளம்புவார்கள். யார் மாற்றுவது என்று முதலில் பேசிவிட்டுக் கை வையுங்கள். மாற்றிய எல்ஐயுவின் கதவில் உள்பக்கம் '2-1, 4-3, 6-5' என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருகிற ஒழுங்கான ஆள் 'இது தப்பாக இருக்கே' என்று திருத்திவிட்டுப் போய்விடுவார்.

கேள்வி: லேன் கேபிளில் இந்தத் தொல்லையே இல்லையே, ஃபைபரில் மட்டும் ஏன்?
– வாசகர், நெல்லிக்குப்பம்

லேன் கேபிளிலும் இருந்தது. கிராஸ் கேபிள் என்று தனியாகக் கிரிம்ப் பண்ணி வைத்திருந்த காலம் உண்டு. அப்புறம் ஆட்டோ எம்டிஐஎக்ஸ் வந்தது, எந்த ஜோடியில் அனுப்புவது என்பதை போர்ட்டே பார்த்து மாற்றிக்கொள்கிறது. ஃபைபரில் அது நடக்காது. டிஎக்ஸ் துளைக்குள் இருப்பது லேசர், ஆர்எக்ஸ் துளைக்குள் இருப்பது வெளிச்சத்தை உணரும் டையோடு. இரண்டும் வேறு வேறு பொருள். கைதான் மாற்ற வேண்டும்.

கேள்வி: கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனி நடத்துகிறோம். ஆபீஸுக்கும் பிளான்ட்டுக்கும் நடுவில் ஒரே கோரில் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் லேன் கேபிளையும் இணைக்கும் பெட்டி) ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் ஏறி இறங்கியதில் ஒன்று எரிந்துவிட்டது. நல்லபடியாக இருப்பதைக் கடைக்கு எடுத்துப்போய்க் காட்டி அச்சு அசல் அதே மாதிரி வாங்கிவந்தோம். வேலை செய்யவில்லை.
– வாசகர், கடலூர் முதுநகர்

அதே மாதிரி வாங்கியதுதான் பிரச்சினை. ஒரே கோரில் போவதும் வருவதும் நடக்க வேண்டுமென்றால் இரண்டுக்கும் வேறு வேறு அலைநீளம் வேண்டும். அதனால் இவை ஏ, பி என்று ஜோடியாகத்தான் வரும். ஏ 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550இல் வாங்கும், பி அதற்கு நேர் எதிர். உங்களிடம் இப்போது இரண்டு ஏ இருக்கலாம், அல்லது இரண்டு பி. இரண்டும் ஒரே அலைநீளத்தில் பேசுகின்றன, இன்னொரு அலைநீளத்துக்குக் காத்திருக்கின்றன.

பெட்டியின் அடியில் டிஎக்ஸ் 1310, ஆர்எக்ஸ் 1550 என்பது போல ஸ்டிக்கர் இருக்கும். நல்லதாக இருப்பதில் என்ன இருக்கிறதோ அதற்குத் தலைகீழானதைக் கேட்டு மாற்றி வாங்குங்கள். சிலவற்றில் 1550க்குப் பதில் 1490 இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேகமும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், நூறு எம்பி பெட்டியும் ஆயிரம் எம்பி பெட்டியும் ஃபைபர் பக்கம் பெரும்பாலும் ஒத்துப்போகாது. அடுத்த தடவை ஜோடியாகவே ஒரு செட் கூடுதலாக வாங்கி வைத்துவிடுவது நல்லது.

இன்னொன்று, ஒற்றைக் கோரில் பச்சை முனையும் நீல முனையும் கலந்து கிடைக்கும். பச்சை ஏபிசி, முனை எட்டு டிகிரி சாய்வாக வெட்டியிருக்கும். நீலம் யுபிசி. பச்சையை நீலத்தில் செருகினால் உள்ளே போகும், ஆனால் கண்ணாடி ஒழுங்காகத் தொடாது. வெளிச்சம் பாதி வழியிலேயே வீணாகும்.

கேள்வி: எங்கள் கல்லூரி சர்வர் அறையில் 40ஜி (நொடிக்கு 40 கிகாபிட்) போடப் போகிறோம். 12 ஃபைபரும் ஒரே பிளக்கில் வருகிற எம்பிஓ கேபிள் ஏ, பி, சி என்று மூன்று டைப் காட்டுகிறார்கள். எதை வாங்க?
– வாசகி, லாஸ்பேட்டை

40ஜி எஸ்ஆர்4 மாட்யூலும் மாட்யூலும் நேராக இணைப்பதென்றால் டைப் பி. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அந்த மாட்யூல் 12 இழையில் எட்டைத்தான் பயன்படுத்துகிறது, 1 முதல் 4 வரை அனுப்ப, 9 முதல் 12 வரை வாங்க, நடுவில் நான்கு சும்மா கிடக்கும். டைப் பியில் ஒன்றாம் இழை மறுமுனையில் பன்னிரண்டாம் இடத்துக்குப் போகும், இரண்டு பதினொன்றுக்கு, அப்படியே கடைசி வரை. அனுப்புவது வாங்குவதில் போய்ச் சரியாக விழும். டைப் ஏயில் ஒன்று ஒன்றுக்கே போகும். டைப் சியில் ஒன்று இரண்டுக்கு, இரண்டு ஒன்றுக்கு என ஜோடி ஜோடியாக மாறும், அது கேசட் வைத்து எல்சியாகப் பிரித்து ஓட்டுகிற இடத்துக்கு ஆனது, 40ஜிக்கு ஆகாது.

மாட்யூலில் பின் இருக்கும், ஆகவே கேபிள் முனை பின் இல்லாததாக வாங்குங்கள். இரண்டு பக்கமும் பின் இருந்தால் ஒன்றை ஒன்று குத்தும். ஒரு சர்வர் அறைக்கு ஒரு டைப் என்று முடிவு பண்ணிவிட்டால் அதற்கப்புறம் கலக்காதீர்கள், விலை குறைவாகக் கிடைத்தாலும்.

கேள்வி: கார்டு முனையைக் கண்ணால் பார்த்தே எது டிஎக்ஸ் என்று சொல்ல முடியாதா?
– வாசகர், வில்லியனூர்

பார்க்கவே பார்க்காதீர்கள். 850, 1310, 1550 எல்லாமே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், தெரியவில்லை என்பதால் கண்ணுக்குள் போகவில்லை என்று அர்த்தமில்லை. மொபைல் கேமராவில் 850 சில போன்களில் மங்கலாகத் தெரியும், 1310ம் 1550ம் தெரியாது, அதனால் கேமரா இருட்டாகக் காட்டினால் அதையும் நம்பக் கூடாது. பவர் மீட்டர் இல்லையென்றால் ஸ்விட்சுக்குள் போய் எஸ்எஃப்பியின் ஆர்எக்ஸ் பவரைப் படியுங்கள், தன் அளவுகளைத் தானே சொல்லும் டிடிஎம் வசதி உள்ள எஸ்எஃப்பி என்றால் காட்டும். மைனஸ் 40 டிபிஎம் மாதிரி வந்தால் ஆர்எக்ஸுக்கு வெளிச்சமே வரவில்லை, மைனஸ் 6, 7 என்று வந்தால் ஜோடி சரி.