16 வயதில் எல்.எல்.ஆர். கிடைக்கும், ஆனால் எந்த வண்டிக்கு?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். வரும் ஏப்ரலில் 18 முடிகிறது. டியூஷனுக்குப் போய்வர அவன் அப்பா பெயரில் 110 சிசி ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறோம். 16 வயதானாலே எல்.எல்.ஆர். போட்டு ஓட்டலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். எப்படி விண்ணப்பிப்பது?
– ஈரோட்டிலிருந்து ஒரு தாய்

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதிதான் சரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 4-இன்படி 16 வயது முடிந்தவர் 50 சிசிக்கு மிகாத இருசக்கர வாகனத்தை மட்டுமே ஓட்டலாம். அதற்கான பழகுநர் உரிமத்துக்கும் (எல்.எல்.ஆர். என்பது இதுதான்) பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். இன்று சாலையில் ஓடும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேல். நம் ஊர் மளிகைக் கடை வாசல்களில் நிற்கும் எக்ஸ்.எல். 100 கூட ஏறக்குறைய 100 சிசிதான். ஆக, அந்த 50 சிசி உரிமம் கையில் இருந்தாலும் உங்கள் வீட்டு ஸ்கூட்டருக்குச் செல்லாது.

டியூஷன் பக்கம்தானே என்று இப்போதே சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவு, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரையோ வாகன உரிமையாளரையோ குற்றவாளியாகக் கருதுகிறது. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. எல்லாவற்றையும்விட எனக்குக் கடுமையாகப் படுவது வேறொன்று: அந்தப் பையனுக்கு 25 வயது வரை எந்த உரிமமும் கிடைக்காது. வேலைக்குப் போகும் வயதிலும் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

சில மாதங்கள்தானே, பொறுத்திருங்கள். அதற்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: மகனின் ஆதாரைச் சரிபார்ப்பது. மத்திய அரசின் போக்குவரத்துச் சேவைத் தளமான பரிவாஹனில், ஓட்டுநர் உரிமத்துக்கான சாரதி பக்கத்தில் ஆதார் வழியாக விண்ணப்பித்தால் பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் எல்லாம் ஆதாரிலிருந்தே வந்துவிடும். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால் அல்லது அப்பா பெயர் முழுதாக என்று இருப்பது நம் பிள்ளைகளுக்கு வழக்கம். படமும் பல பேருக்கு ஆறாம் வகுப்பில் எடுத்ததாக இருக்கும். 15 வயதில் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். விட்டிருந்தால் ஆதார் மையத்தில் இப்போதே முடித்துவிடுங்கள். ஓடிபி வருவதற்கு, இணைத்திருக்கும் கைப்பேசி எண் பயன்பாட்டில் இருக்க வேண்டும்.

பிறந்த நாள் கழிந்ததும் விண்ணப்பியுங்கள். இணையம் பழக்கமில்லை என்றால் இ-சேவை மையத்துக்குப் போகலாம்; இடைத்தரகர் தேவையில்லை. மத்திய விதிப்படி ஒரு வாகன வகைக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய். சேவைக் கட்டணம் தனி. உடல்தகுதிக்கு அவனே உறுதிமொழி அளித்தால் போதும். 40 வயதுக்கு உட்பட்டவர் சொந்த வாகன உரிமத்துக்கு மருத்துவச் சான்று தர வேண்டியதில்லை. வகையைத் தேர்ந்தெடுக்கும்போது கியர் உள்ள இருசக்கர வாகனத்தைக் குறியுங்கள்; அந்த உரிமத்தில் ஸ்கூட்டரையும் ஓட்டலாம். ஆனால் எட்டு போடும் நாளில் கியர் வண்டியோடுதான் போக வேண்டும், பழகிக்கொள்ளட்டும்.

எல்.எல்.ஆர். தேர்வு சாலைக் குறியீடுகள், விதிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் பற்றியது. 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. பொதுத்தேர்வுக்குப் படித்த பிள்ளைக்கு இது ஒரு மாலை நேர வேலை.

எல்.எல்.ஆர். வந்தாலும் தனியாக ஓட்ட அனுமதி இல்லை. உரிமம் உள்ள ஒருவர் உடன் இருக்க வேண்டும். நண்பனைப் பின்னால் ஏற்றக் கூடாது. வண்டியின் முன்னும் பின்னும் 18 செ.மீ. சதுர வெள்ளைப் பரப்பில் சிவப்பு ‘எல்’ எழுத்து தேவை. ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும் உள்ளங்கை அளவு ‘எல்’ விதிக்குப் பொருந்தாது.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும்; ஓட்டுநர் தேர்வுக்கு 30 நாள் கழிந்த பிறகே போகலாம். ஏப்ரல் கடைசியில் எடுத்தால் ஜூனில் எட்டு போட்டுவிடலாம், கல்லூரிச் சேர்க்கை அலைச்சலுக்கு நடுவே ஒரு காலைப் பொழுதை ஒதுக்கினால் போதும்.