அமைதியான சிறு நகரத்தில் வாழ்வது எப்படி இருக்கும்?

இருபது வருடம் பெருநகரத்தில் இருந்துவிட்டு, ஒன்பது வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு ஒரு சிறு நகரத்துக்குக் குடிவந்தவன் நான். பட்டறிந்ததைச் சொல்கிறேன்.

வந்த புதிதில் தூக்கமே வரவில்லை. சத்தம் இல்லாததுதான் காரணம். சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது கேட்கும். ஃபிரிட்ஜ் மோட்டார் நின்றால் திடுக்கிட்டு விழிப்பேன். பகலில் காதிலேயே விழாத ரயில், இரவு இரண்டு மணிக்கு வாசலில் ஓடுவதுபோல் இருக்கும். தண்டவாளமோ நாலு கிலோமீட்டர் தள்ளி. காரணம் பிறகுதான் புரிந்தது. மேகமில்லாத இரவில் தரையும் அதை ஒட்டிய காற்றும் சீக்கிரம் குளிர்ந்துவிடும். மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருக்கும். மேல்நோக்கிப் போகும் ஒலி அங்கே வளைந்து மறுபடி தரைக்கே இறங்கிவிடும். பெருநகரத்திலும் இது நடக்கும்தான், இரைச்சலில் தெரியாது. பழக எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

காதுக்குக் கிடைக்கும் அமைதியை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப்பட்டது வேறு. இங்கே யாரோடும் ஒரே ஒரு தொடர்பை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

முதல் வருடம் ஓர் எலக்ட்ரீஷியனோடு சண்டை. வயரிங் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு நாலு நாள் வரவில்லை. போனில் கத்திவிட்டேன். முன்பிருந்த ஊராக இருந்தால் வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பேன், அவர் முகத்தை அப்புறம் பார்த்தே இருக்க மாட்டேன். இங்கே மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார். அவர் பையனும் என் மகளும் ஒரே வகுப்பு. சாயங்காலம் அம்மாவுக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போனால், அங்கே இருக்கும் நர்ஸ் அவருடைய மனைவி. எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது? மூன்றாம் நாள் நானே போய்ப் பேசினேன். அவரும் உடனே பேசிவிட்டார். மிச்ச வேலை அந்த வாரமே முடிந்தது. கூடத்து சுவிட்ச் பாக்ஸ் மட்டும் இன்றும் கொஞ்சம் சாய்ந்தே இருக்கிறது.

மானிடவியலாளர் மேக்ஸ் க்ளக்மன், இன்றைய ஜாம்பியாவில் வாழும் லோசி மக்களின் நீதிமன்றங்களைப் பற்றி 1955-இல் எழுதினார். வழக்காடுகிறவர்கள் நாளைக்கும் பல வகையில் ஒருவரையொருவர் சார்ந்து வாழ வேண்டியவர்கள். அதனால் தப்பு யாருடையது என்பதோடு நிற்காமல், உறவு முறிந்துவிடாமல் பார்ப்பதிலும் நீதிபதிகள் குறியாக இருந்தார்களாம். அதைப் படித்தபோது அந்தப் பள்ளிக்கூட வாசல்தான் கண்முன் வந்தது.

இதே நெருக்கம் மூச்சுமுட்டவும் வைக்கும். அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு, எனக்குத் தெரியும் முன்பே தெருவுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. மனநல மருத்துவரைப் பார்க்க, யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டுமென்று பஸ் ஏறி வெளியூர் போகிறவரை எனக்குத் தெரியும். தனியாக வாழும் பெண்களுக்கும் விவாகரத்தானவர்களுக்கும் இந்த ஊர் எனக்கு இருப்பதுபோல் அமைதியாக இருப்பதில்லை.

வேலை விஷயமும் அப்படித்தான். புது வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட, அரைகுறையாகப் பழகியவர்கள் மூலமே அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதினார். இங்கே நீங்கள் அறிந்தவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒரே செய்திதான் சுற்றிச் சுற்றி வரும். நான் வீட்டிலிருந்தே வேலை செய்வதால் தப்பித்தேன்.

குடிவருவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். ரத்தக்கட்டியால் பக்கவாதம் வந்தால், அதைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகு. அந்த வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஓர் இரவு வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் வாடகையைவிட இதுதான் முக்கியம்.

மகளுக்கு இப்போது பதினாறு வயது. "ஏழு வயசுல நான் எப்படி இருந்தேன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்பா. யாருக்குமே என்னைத் தெரியாத இடத்துல கொஞ்ச நாள் இருந்து பாக்கணும்" என்கிறாள். அவள் கேட்பதில் தப்பே இல்லை. கல்லூரிக்குப் பெருநகரத்துக்குத்தான் அனுப்பப் போகிறோம். நானும் மனைவியும் இங்கேயே இருப்போம்.