நேர்காணலில் பெண்களிடம் மட்டும் ‘கல்யாணம் எப்போது’ என்று கேட்பது நியாயமா?

நியாயமே இல்லை. டயாலிசிஸ் டெக்னீஷியன் பயிற்சிக்குப் போன உங்கள் தங்கையிடம் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டவர்கள், அடுத்து போன பையனிடம் அதைக் கேட்கவில்லை என்கிறீர்கள். கோளாறே அங்கேதான்.

எம்பிபிஎஸ்ஸுக்கு நீட், அரசு நர்சிங் கல்லூரிக்கு பிளஸ் டூ மார்க் என்று ஆகிவிட்டதால் நம் ஊரில் நேர்காணலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் தனியார் மருத்துவமனைகளின் பயிற்சிகளுக்கு இன்னமும் நேர்காணல் உண்டு. சேலத்தில் அப்படி ஒரு தேர்வுக் குழுவில் சில வருடம் இருந்தேன். ஏற்காட்டில் நாகலூர் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். “நைட் டூட்டி முடிஞ்சு மலைக்கு எப்படிம்மா போவே?” என்றார் ஒருவர். “ஹாஸ்டல்ல இருப்பேன்னு அப்ளிகேஷன்லயே எழுதியிருக்கேன் சார்” என்றாள். விடவில்லை, வீட்டில் விடுவார்களா, மாப்பிள்ளை பார்க்கிறார்களா என்று பாதி நேரம் போய்விட்டது. அதே மலையிலிருந்து வந்த பையனிடம், நோயாளி மயங்கி விழுந்தால் முதலில் என்ன பார்ப்பாய் என்று கேட்டார்கள். தெரிந்ததைச் சொல்ல அவனுக்கு வாய்ப்புக் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. நர்சிங் படிக்க வரும் பையன்களுக்கும் இப்படி நடக்கும். “பொம்பளை வார்டுல என்ன பண்ணுவே?” என்பதிலேயே நேரம் முடிந்துவிடும்.

கல்யாணம், பிள்ளைப்பேறு என்ற காரணம் எதுவரை போகும் என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். தோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் நுழைவுத்தேர்வில் பெண்களின் மதிப்பெண்ணையே குறைத்து வந்தது 2018இல் அம்பலமானது. அதே வருடம் சிக்கிய ஜுன்டெண்டோ பல்கலைக்கழகம், பெண்கள் நேர்காணலில் நன்றாகப் பேசுகிறார்கள், அதை ஈடுகட்டத்தான் அப்படிச் செய்தோம் என்றது. நன்றாகப் பேசியதையே குற்றமாக்கினால் அந்தப் பிள்ளைகள் என்னதான் செய்வார்கள்?

வழி இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரே குழுவுக்குப் பதில், சில நிமிடங்கள் வீதம் பல சிறு நேர்காணல்களை வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு தேர்வாளர், ஆனால் எல்லோருக்கும் அதே சூழ்நிலைகள். ஒருவரின் விருப்பு வெறுப்பு முடிவையே மாற்றுவது குறையும். சின்ன மருத்துவமனைக்கு அவ்வளவு தோதுப்படாது, சரி. கேள்விகளை முன்கூட்டியே தாளில் எழுதி எல்லோரிடமும் அதையே கேட்கலாம். தேர்வாளர்கள் கலந்து பேசுவதற்கு முன்பே அவரவர் மார்க்கைப் போட்டுவிட வேண்டும். பிறகு போடும் மார்க் பெரும்பாலும் குழுவில் மூத்தவருடைய மார்க்காகத்தான் இருக்கும்.

தங்கையிடம் கேட்ட கேள்விகளை மறப்பதற்குள் எழுதி வைக்கச் சொல்லுங்கள். முடிவு வருவதற்கு முன்பே நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுங்கள். வந்த பிறகு கொடுத்தால், சீட் கிடைக்காத கோபம் என்று ஒதுக்கிவிடுவார்கள்.