கிளெய்மிங் ரேஸில் எடுத்த குதிரையால் யாராவது உருப்பட்டிருக்கிறார்களா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் கிளெய்மிங் ரேஸ் என்று ஒன்று இருக்கிறதாமே, ஓடப்போகிற குதிரையையே குறித்த விலைக்கு எடுத்துக்கொள்ளலாமாமே, அப்படி எடுத்து ஜெயித்தவர்கள் உண்டா?

உண்டு. ஆனால் கேட்கிற தொனியைப் பார்த்தால் கையில் கொஞ்சம் பணத்தை வைத்துக்கொண்டு கேட்கிறீர்களோ என்று தோன்றுகிறது. அதனால் ஜெயித்தவர்கள் கதையோடு என் கதையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நான் கலிபோர்னியாவில் ஐந்து பேர் சேர்ந்த ஒரு கூட்டில் ஐந்தில் ஒரு பங்கு ஓனராகக் கொஞ்ச காலம் இருந்தவன். ட்ரெயினர் இல்லை, குதிரை மேல் ஏறியதுகூடக் கிடையாது.

கிண்டியிலோ ஊட்டியிலோ ரேஸ் பார்த்தவர்களுக்குத் தெரியும், குதிரைக்கு ரேட்டிங் போட்டு, நல்ல குதிரைக்கு எடையை ஏற்றி, சுமாரானதுக்கு இறக்கி, ஒருவழியாகச் சமமாக்கி ஓடவிடுவார்கள். அமெரிக்காவில் அந்த வேலையைப் பெரும்பாலும் விலையே செய்துவிடுகிறது. 10,000 டாலர் கிளெய்மிங் ரேஸ் என்றால் அதில் ஓடும் எந்தக் குதிரையையும் லைசன்ஸ் உள்ள வேறொரு ஓனர் 10,000 டாலருக்கு எடுத்துக்கொள்ளலாம். பழைய ஓனர் மாட்டேன் என்று சொல்ல முடியாது. 50,000 பெறுமான குதிரையை அதில் இறக்கினால் ஜெயிக்கத்தான் செய்யும், ஆனால் மாலையில் லாயம் காலியாக இருக்கும். அந்தப் பயம்தான் போட்டியை நேர்மையாக வைத்திருக்கிறது.

எடுக்கிற முறை கொஞ்சம் தமாஷானது. பணம் முன்கூட்டியே ரேஸ்கோர்ஸ் கணக்கில் இருக்க வேண்டும். ரேஸுக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் முன்னால் ஒரு சீட்டை எழுதிப் பூட்டிய பெட்டியில் போட வேண்டும். குதிரையின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் சீட்டு செல்லாது. ஒரே குதிரைக்கு நாலு பேர் சீட்டு போட்டிருந்தால் எண் போட்ட உருண்டைகளைக் குலுக்கி எடுப்பார்கள். கேட் திறந்து குதிரைகள் வெளியே பாய்ந்த நொடியில் பெரும்பாலான இடங்களில் குதிரை உங்களுடையது. அந்த ரேஸின் பரிசுப் பணம் மட்டும் பழைய ஓனருக்கு. எடுத்த பிறகு ஒரு மாதம் போல உடனே மலிவான ரேஸில் இறக்க முடியாதபடி கட்டுப்பாடும் உண்டு, விவரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதை அங்கே 'ஜெயில்' என்றே சொல்வார்கள்.

என் தாத்தா மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற ஆள். பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், எல்லாம் முடிந்த பிறகு விற்கிறவன் முகத்தைப் பார்ப்பார். "மாடு பொய் சொல்லாது, இவன் ஏன் விக்கிறான்னு மட்டும் கண்டுபிடி" என்பார். கிளெய்மிங் இதற்கு நேர்மாறான சந்தை. விலை ஊருக்கே தெரியும், பேரம் கிடையாது, ஆனால் குதிரையைத் தொட்டுப் பார்க்க முடியாது. ரேஸுக்கு முன்னால் குதிரைகளை நடத்திக் காட்டுகிற பேடாக்கில் ரெண்டு சுற்று வரும்போது பத்தடி தள்ளி நின்று பார்ப்பதுதான். ஆனாலும் தாத்தாவின் கேள்வி அப்படியே பொருந்துகிறது. இந்த விலைக்கு ஏன் இதை இறக்கியிருக்கிறான்? பதில் குதிரையின் காலில் இருந்தால் நீங்கள் தொலைந்தீர்கள். விற்கிறவனின் பொறுமையிலோ பர்ஸிலோ கணிப்பிலோ இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பெரிதாக ஜெயித்த கதைகளைப் புரட்டினால் எல்லாமே இந்த இரண்டாவது வகைதான்.

எல்லோரும் முதலில் சொல்வது ஸ்டைமி. 1943 ஜூன் மாதம் நியூயார்க்கில் ஹிர்ஷ் ஜேக்கப்ஸ் என்கிற ட்ரெயினர் அதை 1,500 டாலருக்கு எடுத்தார். விற்றது ஏமாளி இல்லை, டெக்ஸாஸின் பெரிய கிங் ராஞ்ச் லாயம். அவர்களிடம் குதிரைகள் நிறைய, இதுவோ இரண்டு வயசுக் குட்டி, முரட்டுக் குணம், குறைந்த தூர ரேஸ்களில் எடுபடவில்லை. ஜேக்கப்ஸ் குதிரைக்கு வருவதற்கு முன் ப்ரூக்ளினில் பந்தயப் புறா வளர்த்தவர், நம் வடசென்னை ஆட்களுக்கு அந்தப் பைத்தியம் எப்படிப்பட்டது என்று புரியும். அவர் ஸ்டைமியை விடாமல் ஓடவிட்டார், தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில் இருந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வருகிற குதிரை அது, ஆறு பர்லாங்கில், அதாவது முக்கால் மைலில், அதற்கு இடம் போதவில்லை. மொத்தம் 131 ரேஸ், 35 வெற்றி, 9,18,485 டாலர். ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகம் சம்பாதித்த குதிரை. 1,500 ரூபாய்க்கு மாடு வாங்கிப் பண்ணையே கட்டிய மாதிரி.

பிரின்ஸ்குவில்லோவை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை, எனக்கு அதுதான் பிடித்தமானது. 1942இல் ஹொராஷியோ லூரோ என்ற அர்ஜென்டினாக்காரர் 2,500 டாலருக்கு எடுத்தார். நெடுந்தூரக் குதிரையாக நன்றாகவே ஓடியது, ஆனால் பெருமை அதுவல்ல. 1973இல் கென்டக்கி டெர்பி, ப்ரீக்னஸ், பெல்மான்ட் என்ற மூன்று பெரிய ரேஸையும் ஜெயித்து ட்ரிபிள் கிரௌன் வாங்கிய செக்ரடேரியட்டுக்குத் தாய்வழித் தாத்தா இந்தக் குதிரைதான்.

லாவா மேன் நம் காலத்துக் கதை. கலிபோர்னியாவில் 12,500 டாலர் ரேஸில்கூட ஓடிய குதிரை. 2004 ஆகஸ்டில் டெல் மார் ரேஸ்கோர்ஸில் டக் ஓ'நீல் என்ற ட்ரெயினர் 50,000க்கு எடுத்தார். அடுத்த மூன்று வருஷம் கலிபோர்னியாவின் பெரிய ரேஸ்களாக ஜெயித்துத் தள்ளியது: ஹாலிவுட் கோல்ட் கப்பைத் தொடர்ந்து மூன்று முறை, சான்டா அனிடா ஹேண்டிகேப்பை இரண்டு முறை, 2006இல் பசிபிக் கிளாசிக். மொத்தச் சம்பாத்தியம் 52 லட்சம் டாலருக்கு மேல். கலிபோர்னியாவை விட்டு வெளியே போனால் மட்டும் பச்சைக் குழந்தை ஆகிவிடும், நியூயார்க், ஜப்பான், துபாய் எங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை, 2012இல் கென்டக்கி டெர்பி ஜெயித்த ஐ'ல் ஹேவ் அனதர் என்ற குதிரைக்குக் கூடவே நடந்து தைரியம் சொல்கிற துணைக் குதிரையாக வந்தது.

அப்புறம் ரிச் ஸ்ட்ரைக். இதை நான் டிவியில் பார்த்தேன், பக்கத்தில் இருந்த என் மனைவி, என்னமோ ஆகிவிட்டது என்று பயந்துபோகிற அளவுக்குக் கத்தினேன். 2021 செப்டம்பரில் கென்டக்கியின் சர்ச்சில் டௌன்ஸ் ரேஸ்கோர்ஸில் 30,000 டாலர் கிளெய்மிங் ரேஸ். முதல் ஓட்டம் புல்தரையில் படு மோசம். இரண்டாவது ஓட்டம் இது, முதன்முறையாக மண்தரையில். எரிக் ரீட் என்ற ட்ரெயினர் சீட்டு போட்டிருந்தார். குதிரை 17 குதிரை நீளத்துக்கு மேல் முந்தி ஜெயித்தது! பரிசு பழைய ஓனருக்கு, குதிரை இவருக்கு. யோசித்துப் பாருங்கள், அதன் தகப்பன் கீன் ஐஸ், 2015இல் ட்ராவர்ஸ் என்ற பெரிய ரேஸில், அந்த வருஷம் ட்ரிபிள் கிரௌன் வாங்கிய அமெரிக்கன் ஃபேரோவையே தோற்கடித்த குதிரை. தாய் கோல்ட் ஸ்ட்ரைக் கனடாவில் சாம்பியன். அந்த ரத்தத்தைப் புல்லில் ஒரு முறை ஓடவிட்டுவிட்டு 30,000க்கு வைத்திருக்கிறார்கள். தாத்தாவின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. விற்றவர்களைக் கேலி செய்யவும் மனசு வரவில்லை, நூற்றுக்கு எத்தனையோ முறை அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும்.

2022 டெர்பியில் அதற்கு முதலில் இடமே இல்லை. முந்தின நாள் காலக்கெடு முடியும் நேரத்தில் வேறொரு குதிரை விலக, கடைசி ஆளாக உள்ளே வந்தது. பந்தய விலை ஒன்றுக்கு எண்பது. அதுதான் ஜெயித்தது. இரண்டு டாலர் கட்டியவனுக்கு 163 டாலர் 60 சென்ட். எரிக் ரீட்டின் லாயத்தில் 2016 டிசம்பரில் தீப்பிடித்து 23 குதிரைகள் செத்திருந்தன, தொழிலையே விட்டுவிடலாமா என்று இருந்த மனுஷன். ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும், அந்த டெர்பிக்குப் பிறகு ரிச் ஸ்ட்ரைக் இன்னொரு ரேஸ் ஜெயிக்கவில்லை.

நழுவவிட்டவர்கள் கதையும் உண்டு. கரிஸ்மாடிக் 1999 பிப்ரவரியில் 62,500 டாலர் கிளெய்மிங் ரேஸில் ஓடியது. ஒருத்தரும் சீட்டு போடவில்லை. மே மாதம் டெர்பியும் ப்ரீக்னஸும் ஜெயித்தது. அன்று பேடாக்கில் நின்றுகொண்டு சீட்டை எழுதாமல் போனவர்கள் இன்றும் தூங்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, என் கதை. எங்கள் இடம் சான்பிரான்சிஸ்கோ பக்கம் கோல்டன் கேட் ஃபீல்ட்ஸ், 2024 ஜூனில் மூடிவிட்டார்கள். லைசன்ஸுக்குக் கைரேகை எல்லாம் கொடுத்து, ஐந்து பேரும் பெரிய ஓனர்கள் மாதிரிக் கோட் போட்டுக்கொண்டு போனோம். முதல் குதிரை 8,000 டாலர். போன ரேஸில் 16,000 விலையில் ஓடி ஜெயித்தது, இப்போது பாதி விலைக்கு இறக்கியிருந்தார்கள். எங்களுக்குப் பாதி விலை மட்டும்தான் கண்ணில் பட்டது. ஜெயித்த குதிரையை எவனாவது பாதி விலைக்குத் தருவானா? தாத்தா இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார். சீட்டு போட்டோம், குதிரை மூன்று நீளத்தில் ஜெயித்தது, நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்தோம், ரெண்டு நிமிஷம் கழித்துத்தான் கூட்டாளி ஒருவர் "டேய், அந்தப் பரிசு நமக்கில்லடா" என்றார். மூன்றாவது வாரம் முன்னங்கால் தசைநாண் போனது. விலை, விற்பனை வரி, டாக்டர், தீனி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,800 டாலர் காலி. குதிரையைச் சவாரி சொல்லித்தருகிற ஒரு குடும்பத்துக்குச் சும்மா கொடுத்தோம், அங்கே நன்றாக இருந்தது என்பது ஒரு ஆறுதல்.

இரண்டாவதுக்கு ஆறு மாதம் காத்திருந்தோம். 12,500 டாலர், பெண் குதிரை, தெற்கிலிருந்து வந்தது. எல்லா ஓட்டமும் ஆறு பர்லாங் மண்தரை, எல்லாவற்றிலும் கடைசி நூறு கஜத்தில்தான் முழித்துக்கொண்டு நாலாவது ஐந்தாவதாக வரும். ஓனர் தன் குதிரைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருக்கிறார் என்று எங்கள் ட்ரெயினர் காதில் விழுந்திருந்தது. அதாவது அவசரம் ஓனருக்கு, குதிரைக்கு இல்லை. மூன்று சீட்டு விழுந்தது, குலுக்கலில் எங்கள் எண் வந்தது. ஒரு மைல் தூரத்துக்கு மாற்றி, செயற்கைத் தரையில் ஓடவிட்டோம். ஏழு மாதத்தில் மூன்று வெற்றி. ஒரு நாளைக்கு 65 டாலர் ட்ரெயினருக்கு, லாடம் தனி, டாக்டர் தனி, ஜெயித்தால் ஜாக்கிக்குப் பத்து சதவீதம், ட்ரெயினருக்குப் பத்து சதவீதம். எல்லாம் கழித்து ஆளுக்கு 1,900 டாலர் மிஞ்சியது. இரண்டு குதிரைக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஆளுக்கு 900 டாலர் நஷ்டம். ட்ரெயினரிடம் சொன்னேன். "முதல் இரண்டு குதிரைக்கு இது ரொம்ப நல்ல ரிசல்ட்" என்று சீரியஸாகவே சொன்னார்.

இதில் சங்கடமான பக்கம் ஒன்று இருக்கிறது. நொண்டத் தொடங்குகிற குதிரையை அடுத்தவன் தலையில் கட்டுவதற்கும் இதே பெட்டி பயன்படும். 2011-12 குளிர்காலத்தில் நியூயார்க்கின் அக்விடக்ட் ரேஸ்கோர்ஸில் 21 குதிரைகள் ரேஸ்களில் செத்தன. பக்கத்தில் திறந்த சூதாட்ட விடுதியின் பணம் பரிசுத் தொகைக்குள் பாய்ந்து, மலிவான குதிரைக்குக்கூட அதன் விலையைவிடப் பரிசு பெரிதாகிவிட்டிருந்தது. குதிரை போனாலும் பரவாயில்லை என்று கணக்குப் போடுகிற நிலை. அதற்கப்புறம்தான் ஓட்டத்தில் குதிரை செத்துவிட்டால் கிளெய்ம் செல்லாது என்கிற விதி அங்கே வந்தது. கலிபோர்னியாவில் ரேஸ் முடிந்ததும் டாக்டர் பார்த்து நொண்டுகிறது என்றாலே கிளெய்ம் ரத்து. இந்த விதி இல்லாத இடத்தில் நான் சீட்டு போடவே மாட்டேன்.

எங்கள் பெண் குதிரை கடைசியாக ஓடியது 16,000 டாலர் ரேஸில். ஜெயித்தது, போட்டோவுக்கு நின்றோம், திரும்பினால் வேறொரு லாயத்து ஆள் கையில் கயிற்றோடு காத்துக்கொண்டிருந்தார். எங்கள் லாயத்தில் அதைப் பார்த்துக்கொண்ட மெக்சிகோக்காரப் பெரியவர் எங்கள் கயிற்றை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வந்தார், பாக்கெட்டில் அதற்காக வைத்திருந்த பெப்பர்மின்ட் மிட்டாய் அப்படியே இருந்தது. மறுநாள் விடிகாலை அந்த லாயத்துக்கு அவரே நடந்து போய், மிட்டாயையும் கொடுத்து, இடது காதைத் தொட்டால் இதற்குப் பிடிக்காது, வலது பக்கமாகவே கயிறு மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாராம்.